நோட்டில் புரட்டிப் படுக்க வைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மகள் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறாளாம், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து யாரோ வெள்ளைக்காரர்கள் சொன்ன கொள்கைகளை உருப்போடுகிறாளாம், ஊசி போடவும் ட்ரிப்ஸ் ஏற்றவும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் போதாதா, இந்தத் தியரியும் எதிக்ஸும் எதற்கு என்று கேட்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நர்சிங் பள்ளியிலும் கல்லூரியிலுமாக முப்பத்தொரு வருஷம் ட்யூட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியை மாணவிகள் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள், நானும் ஏதோ பாடப்புத்தகப் பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது அவசரம் எதுவும் இல்லாததால் அவருக்காவது சரியான பதில் சொல்லலாம் என்று எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கட்டில். பெண்கள் மெடிக்கல் வார்டு, பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துபோன ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும். அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலாண்டு மாணவி ஒருத்திக்கு. நான் ரவுண்ட்ஸ் போனபோது காலை பதினொரு மணி. அந்தப் பெண்ணின் கேர் பிளானை, அதாவது நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு எப்போது என்று எழுதி வைக்கும் நோட்டை, வாங்கிப் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கப்பட்டது" என்று எழுதி, எட்டு மணிக்கு ஒரு டிக், பத்து மணிக்கு ஒரு டிக், பன்னிரண்டு மணிக்கும் ஒரு டிக் போட்டிருந்தாள். பன்னிரண்டு ஆக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

நான் திட்டவில்லை. "வா, ரெண்டு பேருமா பாட்டியைத் திருப்பலாம்" என்றேன். ஸ்க்ரீனை இழுத்துவிட்டு, அடியில் விரித்திருந்த சின்ன ஷீட்டைப் பிடித்துப் பாட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொஞ்சம் கறுத்திருந்தது. அங்கே சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று புத்தகம் சொல்லும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் ஊர்த் தோலில் சிவப்பு அவ்வளவு எளிதாகத் தெரியாது, கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் புறங்கையை அந்த இடத்தில் வைக்கச் சொன்னேன், பிறகு பக்கத்தில் நல்ல தோலிலும் வைக்கச் சொன்னேன். "மேடம், இங்க மட்டும் சூடா இருக்கு, கட்டியாவும் இருக்கு" என்றாள். படுக்கைப்புண் ஆரம்பிப்பது அப்படித்தான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தோல் உரிந்திருக்கும், அதற்கப்புறம் அந்தக் குழி ஆறுவதற்கு மாசக் கணக்காகும்.

அவளாகவே பேனாவை எடுத்தாள். தப்பாக எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, படிக்கிற மாதிரியே ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தாள். அப்படியே செய்தாள்.

அந்த ஒரு கட்டிலிலேயே, அந்தத் தகப்பனார் வேண்டாம் என்று சொல்வது எல்லாமே இருந்தது. இரண்டு மணி நேரக் கணக்கு என்பது தொழில் தரம். செய்யாததைச் செய்ததாக எழுதக் கூடாது என்பது எதிக்ஸ். உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும்படி நோயாளியை நல்ல நிலையில் வைத்திருப்பதுதான் நர்ஸின் வேலை என்பது நவீன நர்சிங்குக்கு வழிகாட்டிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் சொன்ன தியரி. ஊசி போடுவது மட்டும்தான் நர்சிங் என்றால் அந்தப் பாட்டிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஆனால் கல்லூரியில் இந்த மூன்றையும் மூன்று தனி யூனிட்டாகப் பிரித்து, மூன்று பேர் மூன்று மாதிரி நடத்தி, ஐந்து மார்க் கேள்வியாகக் கேட்டு முடித்துவிடுகிறோம். அவருடைய மகள் உருப்போடுவதற்குக் காரணம் தியரி இல்லை, நாங்கள் அதை நடத்துகிற விதம். இதை ஒரு ட்யூட்டராக ஒத்துக்கொள்கிறேன்.

நைட்டிங்கேலையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த நாளான மே 12-ஆம் தேதி ஒவ்வொரு வருஷமும் பத்திரிகைகளில் கைவிளக்கு ஏந்திய காரிகை, வெள்ளுடை தேவதை என்று எழுதுகிறீர்கள், உங்கள் பத்திரிகையும்தான். கிரிமியப் போர் நடந்த 1854-இல் அவர் துருக்கியில் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனபோது குண்டடி பட்டுச் செத்தவர்களை விடக் காலராவிலும் டைஃபஸிலும் வயிற்றுப்போக்கிலும் செத்த சிப்பாய்கள்தான் அதிகம். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் நடந்தும் அந்த முதல் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855-இல் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி செய்த பிறகுதான் குறைந்தது. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கணக்குகளை எல்லாம் உட்கார்ந்து அலசித்தான் காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி, உணவு என்று தன் கொள்கையை அவர் வலியுறுத்தினார். வெறும் கருணை போதாது என்று செத்துப்போன சிப்பாய்களின் எண்ணிக்கையிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு பெண்ணைத்தான் நாம் தேவதை ஆக்கி வைத்திருக்கிறோம். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாட்டு நேரம் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். எங்களுக்கு அந்தப் பட்டம் வேண்டவே வேண்டாம் சார்.

விளக்கேற்றும் விழாவில் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று எடுக்கும் உறுதிமொழி இருக்கிறதே, அதையும் நைட்டிங்கேல் எழுதியதாகத்தான் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1893-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற நர்ஸும் அவரோடு இருந்த குழுவும் எழுதியது, நைட்டிங்கேல் பெயரை மட்டும் அதற்கு வைத்தார்கள். அதில் டாக்டருக்கு விசுவாசமாக உதவுவேன் என்று ஒரு வரி உண்டு. 1953-இல் சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதிலும் டாக்டரின் உத்தரவை விசுவாசத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. 1973-இல் அதைத் திருத்தி, நர்ஸின் முதல் கடமை கவனிப்பு தேவைப்படுகிற மக்களிடம் என்று மாற்றினார்கள். நோயாளிக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தால், யார் எழுதிய உத்தரவாக இருந்தாலும், "சார், இந்த டோஸ் சரியா, ஒருதடவை பாருங்க" என்று கேட்கிற உரிமையும் கடமையும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படிக் கேட்கத் துணிந்த ஒரு பெண் வார்டில் இருப்பது அந்த நோயாளிக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அந்தத் தகப்பனார் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். அந்தத் துணிச்சல் ஊசி போடப் பழகுவதால் வந்துவிடாது.

அப்புறம் "வெள்ளைக்காரர்கள்" என்று சொன்னாரே, அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள்:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயாளி, வைத்தியர், மருந்து, இந்த மூன்றோடு நாலாவதாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து நாலும் கூடினால்தான் மருத்துவம் என்று வள்ளுவர் கணக்குப் போட்டுவிட்டார். பரிமேலழகர் உரையில் அந்த நாலாவது ஆளுக்கு என்ன தகுதி வேண்டும் என்றும் இருக்கிறது: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்கிற திறமை, அறிவு. அன்பு முதலில் வந்தாலும் அறிவையும் அவர் விடவில்லை பாருங்கள். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்தை நம் ஊரில் ஆரம்பிக்கலாம். நான் ஆரம்பித்திருக்கிறேன், பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்ஸ் மனிதனுக்குப் பதினான்கு அடிப்படைத் தேவைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். மூச்சு விடுவது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது, தூங்குவது என்று போய், பேசுவது, தன் நம்பிக்கைப்படி சாமி கும்பிடுவது வரைக்கும் அதில் உண்டு. உடம்பில் பலமும் மனதில் தெம்பும் விஷயமும் தெரிந்திருந்தால் அந்த மனுஷர் தானே செய்துகொள்வதைத்தான் அவருக்காக நர்ஸ் செய்கிறார், அதுவும் சீக்கிரமே அவர் தானாகச் செய்துகொள்ளும்படி செய்கிறார் என்பது அவருடைய விளக்கம். அழகான விளக்கம். ஆனால் நம் வார்டுகளில் இந்தப் பதினான்கில் முக்கால்வாசியை யார் செய்கிறார்கள்? துணைக்கு வந்த மகளும் மருமகளும்தான். பெட்பேன் வைப்பது, உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாமே அவர்கள்தான். நர்ஸ் ஊசி, மாத்திரை, ரிஜிஸ்டர் என்று ஓடிக்கொண்டிருக்கிறார். இதைப் பார்க்கும் மாணவி, ஹெண்டர்சன் பரீட்சைக்கு, ஊசி வார்டுக்கு என்று முதல் மாசத்திலேயே முடிவு கட்டிவிடுகிறாள்.

இதற்கும் படிப்பில் வழி இருக்கிறது. டொரோதியா ஓரெம் என்று இன்னொருவர், சிலருக்கு முழுக்கவும் நாம் செய்ய வேண்டும், சிலருக்குப் பாதி, சிலருக்குச் சொல்லிக்கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் போதும் என்று பிரித்தார். அந்த மருமகளுக்கு மாமியாரை எப்படித் திருப்புவது, கஞ்சி கொடுக்கும்போது புரை ஏறாமல் தலையை எவ்வளவு தூக்கி வைப்பது என்று பத்து நிமிஷம் சொல்லிக்கொடுப்பது ஓரெம் தியரிதான். வீட்டுக்குப் போன பிறகும் அது கூடவே போகும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மார்க் கிடையாது என்பதால் யாரும் செய்வதில்லை.

இனி சொல்லப்போவதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். ஆண்கள் வார்டில் பதினான்காம் நம்பர் கட்டில்காரருக்குச் சர்க்கரை மாத்திரை. இரண்டாம் வருஷ மாணவி எடுத்துக்கொண்டு போனாள், "பதினாலு, மாத்திரை" என்றாள், கட்டிலில் இருந்தவர் கையை நீட்டினார், கொடுத்துவிட்டாள். திரும்பி வந்து கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் வயது முப்பத்தெட்டு என்று இருப்பதைக் கவனித்திருக்கிறாள். மாத்திரையை வாங்கி விழுங்கியவர் அறுபதைத் தாண்டியவர். முந்தின ராத்திரி ஃபேன் காற்று வரவில்லை என்று அவரும் பக்கத்துக் கட்டில்காரரும் இடம் மாறிப் படுத்திருக்கிறார்கள். நம் வார்டுகளில் ஃபேனுக்காகக் கட்டில் மாறாத ராத்திரி உண்டா?

அவள் ஓடி வந்து என்னிடம் சொன்னாள். டூட்டி டாக்டரிடம் சொன்னோம், அவருக்கு குளுக்கோஸ் கொடுத்து, சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப சர்க்கரை பார்த்தோம், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றதும் வார்டு சார்ஜ் சிஸ்டர், "ஒண்ணும் ஆகலைல்ல, கேஸ் ஷீட்ல எதுவும் எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாரம் கூடுதல் போஸ்டிங் தண்டனை. மாத்திரையை மாற்றிக் கொடுத்ததற்கு என்றுதான் சொன்னார்கள். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் தண்டனையே வந்திருக்காது என்பது அவளுக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும். மறுநாள் காலையிலும் வார்டில் "பதினாலு, மாத்திரை" என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வார்டோடு சண்டை போட்டால் மறுபடி பிள்ளைகளைப் போஸ்டிங் அனுப்ப முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய வகுப்புக்கு எதிக்ஸ் எடுத்திருந்தேன், உண்மை பேசுதல் என்று போர்டில் எழுதிப் போட்டு. படிப்பு முடித்துப் போகும் வரை அந்தப் பெண் அப்புறம் எதையும் என்னிடம் வந்து சொன்னதில்லை.

நம்பர் சொல்லிக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஆராய்ச்சி செய்து 1960-இல் எழுதினார். அங்கேயும் பத்தாம் நம்பர் கட்டில் ஈரல் என்கிற மாதிரிதான் பேசினார்களாம். ஒரு நர்ஸிடம் நாலு நோயாளியை முழுதாக ஒப்படைக்காமல், முப்பது பேருக்கும் ஒரே ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் முக்கியம்: வலியையும் சாவையும் தினமும் பக்கத்தில் பார்க்கிற இளம்பெண்கள் நொறுங்கிப்போகாமல் இருக்க, நோயாளியை நெருங்கவே விடாத ஒரு ஏற்பாட்டை மருத்துவமனையே தன்னை அறியாமல் செய்துகொள்கிறது. அந்த ஏற்பாட்டால் பயம் குறைவதும் இல்லை, நல்ல பிள்ளைகள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். இதைப் படித்த பிறகுதான் அந்த சார்ஜ் சிஸ்டர் மேல் இருந்த கோபம் எனக்கு ஆறியது. ஒருத்தி பி.பி. பார்ப்பாள், ஒருத்தி ஊசி போடுவாள், ஒருத்தி மாத்திரை கொடுப்பாள், அந்த ஆளை முழுதாக அறிந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்கிற அமைப்புக்குள் அவரும் சிக்கியிருந்தார், நானும்தான். தியரி நமக்கு என்ன செய்யும் என்று கேட்டால், தனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு சொல் கொடுக்கும் என்பேன்.

நெருங்கினால் நர்ஸ்களால் என்ன முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற இளம் நர்ஸ் 1973 நவம்பரில் வார்டு ஊழியர் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவின்றிப் போனார். 2015 மே மாதம் இறக்கும் வரை 41 வருஷத்துக்கு மேல் அதே மருத்துவமனையில் நர்ஸ்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போனது, அடுத்த தலைமுறை வந்து அதே கட்டிலின் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. படுக்கைப்புண் வரவிடவில்லை. அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்த ஊழியர்களை மனதாரப் பாராட்டியது. நான் முதலில் சொன்ன வார்டுப் பாட்டிக்குத் தோல் சூடேறியதை நினைத்துப் பாருங்கள், அங்கே எத்தனை ஆயிரம் தடவை புரட்டியிருக்க வேண்டும் என்று தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது அநியாயமாகிவிடும். ராத்திரி டூட்டியில் நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர் என்று நிற்க வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாயா என்று கேட்பது நியாயமே இல்லை. அவரால் முடியாது. அப்படி முடியாதபோது "செய்யவில்லை, தனியாக இருந்தேன், அவசர நோயாளி ஒருவர் வந்தார்" என்று காரணத்தோடு எழுத வேண்டும் என்பதுதான் சரியான முறை. யாரும் எழுதுவதில்லை, மெமோ வரும் என்ற பயம். எல்லாரும் டிக் போட்டுவிடுகிறோம். ரிஜிஸ்டரைப் பார்த்தால் எல்லாருக்கும் எல்லாமே நடந்திருக்கும், நடந்திருக்கிறது என்றால் இருக்கிற ஆட்கள் போதும் என்றுதானே மேலே இருப்பவர்கள் நினைப்பார்கள்? நாம் போடும் ஒவ்வொரு பொய் டிக்கும் நமக்கு வர வேண்டிய கூடுதல் ஆளைத் தடுக்கிறது. இதைப் புரிய வைத்துவிட்டால் எதிக்ஸ் வகுப்பில் ஒரு பிள்ளையும் தூங்காது.

நம் மாநிலத்தில் முடியாதது ஒன்றும் இல்லை. டெல்லியோடு சேர்ந்து நாட்டிலேயே முதன்முதலாக, 1946-இல், பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பித்தது வேலூரில்தான். ஒரு மாணவிக்குக் குறைந்தது மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி சொல்கிறது. நான் கடைசியாகப் போன வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நோட்டோடு நின்றிருந்தார்கள், கட்டிலில் இருந்தவர் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். பின்னால் நின்ற பிள்ளை முன்னால் நின்றவளின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். 2023-இல் வந்த தேசிய நர்சிங் ஆணையச் சட்டத்தில் நெறிமுறைக்கும் பதிவுக்கும் என்றே ஒரு வாரியம் இருக்கிறது. அந்த வாரியம் என்ன படிவம் கொண்டுவந்தாலும் சரி, என் ஆசை சின்னதுதான். ட்யூட்டர் காலையில் இரண்டு மணி நேரமாவது பிள்ளைகளோடு வார்டில் நிற்கட்டும், நாற்காலியில் உட்கார்ந்து ரெக்கார்டு திருத்த வேண்டாம். ஒரு வருஷத்துக்கு முப்பது கேர் பிளான் காப்பி அடித்து எழுதுவதற்குப் பதில் ஐந்து எழுதட்டும், அந்த ஐந்து நோயாளிகளைப் பற்றியும் கட்டில் பக்கத்திலேயே நின்று, அவர்களுக்கும் புரிகிற தமிழில் கேள்வி கேட்போம். தப்பு நடந்ததை வந்து சொல்கிற பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்று கல்லூரியும் மருத்துவமனையும் சேர்ந்து எழுதி வார்டில் ஒட்டட்டும்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் மகள் வீட்டுக்கு வந்ததும், ஹெண்டர்சனின் பதினான்கு தேவைகள் என்ன என்று கேட்காதீர்கள், சொல்லிவிடுவாள். கடைசியாகக் கேர் பிளான் எழுதினாயே, அந்த அம்மா பெயர் என்ன, ராத்திரி தூங்கினாரா, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரியவில்லை என்றால் அவளைத் திட்ட வேண்டாம், கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்சிங் ட்யூட்டர்,
மதுரை.